யோவானுக்கு ஒதுக்கிய ஞாயிறு

டிசம்பர் மாதப் பிரசங்கப் பட்டியல் எங்கள் சபையில் அக்டோபரிலேயே பலகைக்கு வந்துவிடும். கிறிஸ்துமஸ் காலை ஆராதனை போதகருக்கு. வருடக் கடைசி இரவு, வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கு. அவற்றுக்கெல்லாம் முன், வீடு வீடாகக் கேரல்ஸ் போய்த் தொண்டை கட்டி, முறுக்கும் அதிரசமும் சுட்டுக் களைத்துச் சனங்கள் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஞாயிறுகள் உண்டு. அவை என்னைப் போன்ற லோக்கல் பிரீச்சர்களின் பங்கு. இரண்டிலும் வாசகம் யோவான் ஸ்நானகனைப் பற்றியதுதான். சபை வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டு நடந்தாலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக்காலத்தின் முதல் ஞாயிறு கர்த்தரின் இரண்டாம் வருகை, அடுத்த இரண்டு ஞாயிறு யோவான், அதற்குப் பிறகே மரியாளும் யோசேப்பும். போதகர் எடுத்துக்கொண்டது போக மிச்சம் மீதி எங்களுக்கு என்று சிலர் கேலி செய்வார்கள். என்னைக் கேட்டால் வருடத்தில் இதைவிட நல்ல ஞாயிறு கிடையாது.

நல்லது என்றேனே தவிர, சுலபம் என்று சொல்லவில்லை. கேட்க வருகிறவர்களின் மனத்தில் நட்சத்திரமும் மாட்டுத் தொழுவமும் இருக்கின்றன. யோவானோ ஒட்டக மயிர் உடுப்போடு, வெட்டுக்கிளி தின்கிற வாயோடு, வந்த கூட்டத்தைப் பார்த்துப் பாம்புக் குட்டிகளே என்று தொடங்குகிறார். கிறிஸ்துமஸ் குடிலில் அவருக்கு இடமில்லை. வாழ்த்து அட்டையில் அவர் படத்தை நான் பார்த்ததே இல்லை. ஞாயிறு பள்ளி நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேடத்துக்குக்கூட அடிதடி நடக்கும், யோவானுக்கு வேடமே கிடையாது. ஆனால் சுவிசேஷங்களைத் திறந்து பாருங்கள். தொழுவ முன்னணை லூக்காவில் மட்டும்தான். சாஸ்திரிகள் மத்தேயுவில் மட்டும்தான். மாற்கும் நான்காம் சுவிசேஷமும் இயேசுவின் பிறப்பைச் சொல்லாமலே தொடங்கிவிடுகின்றன. யோவான் ஸ்நானகன் இல்லாமல் இயேசுவின் ஊழியத்தைத் தொடங்குகிற சுவிசேஷம் நான்கில் ஒன்றுகூட இல்லை. இந்த ஒரு தகவலைச் சொன்னால் போதும், பின் வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் பையன்கூட நிமிர்ந்து பார்க்கிறான்.

நான் மலேசியாவில், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில், சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில், கிராணி வேலை பார்த்தவன். பெட்டி எண், எடை, வந்த நாள், போன நாள் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டு எழுதிப் பழகிய கை. பிரசங்கத்துக்கும் அதே நீள நோட்டுப் புத்தகம்தான். ஒரு பக்கத்தை நான்காகப் பிரித்து, மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் இந்த மனிதரைப் பற்றிச் சொல்வதை அருகருகே எழுதிக்கொள்வேன். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒருவர் சொன்னதை மற்றவர் விட்டுவிடுகிறார் என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். உதாரணத்துக்கு மாற்கு. ஏசாயா எழுதியபடி என்று தொடங்கிவிட்டு, முதலில் அவர் தருவது மல்கியா மூன்றாம் அதிகாரத்தின் தூதன். அதன் பிறகுதான் ஏசாயா நாற்பதின் வனாந்தரக் குரல். இரண்டு தீர்க்கதரிசிகளின் சரக்கை ஒருவர் பெயரில் ஏற்றியிருக்கிறார். இதைச் சொன்னால் விசுவாசம் ஆட்டம் காணும் என்று பயப்படுகிற பிரசங்கிகள் உண்டு. எனக்கு அந்தப் பயமில்லை. தன் சனங்கள் வேதத்தை எப்படி ஒன்றோடொன்று கோத்து வாசித்தார்கள் என்பதை மாற்கு முதல் வரிகளிலேயே காட்டிவிடுகிறார். அதுவே எனக்குப் பாடம்.

மல்கியாவில் கொஞ்சம் தங்க வேண்டும். நம் கையிலிருக்கும் வேதாகமத்தில் பழைய ஏற்பாடு அந்தப் புத்தகத்தோடு முடிகிறது. கடைசி வசனங்களில், கர்த்தருடைய நாள் வருமுன் எலியா அனுப்பப்படுவார், அவர் தகப்பன்மார் மனத்தைப் பிள்ளைகளிடத்திலும் பிள்ளைகள் மனத்தைத் தகப்பன்மாரிடத்திலும் திருப்புவார் என்ற வாக்குறுதி. உலகம் முடிகிற நாளுக்கு முன் நடக்க வேண்டிய காரியம் என்று சொன்னதும் நாம் எதிர்பார்ப்பது இடியும் மின்னலும். தீர்க்கதரிசி சொல்வது வீட்டுக்குள் அப்பனும் மகனும் பேசிக்கொள்வது. பந்தமாரானிலும் பூலாவ் இண்டாவிலும் இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்குகிற தகப்பன்மாரும், அவர்கள் எழுந்திருக்குமுன் டியூஷனுக்குப் போய்விடுகிற பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற சபையில் இந்த வசனத்தை விளக்கத் தேவையில்லை. மெதுவாக வாசித்துவிட்டு நிறுத்தினால் போதும். யூதர் இன்றும் பஸ்கா விருந்தில் எலியாவுக்கென்று ஒரு கிண்ணம் திராட்சரசம் ஊற்றி வைத்து, வாசற்கதவைத் திறந்து பார்க்கிறார்கள். வருகைக்குக் காத்திருப்பதை ஒரு சாப்பாட்டு மேசைப் பழக்கமாகவே வைத்திருக்கும் அந்த சனத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அப்படியானால் யோவான்தான் எலியாவா? வேதபாட வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இதைக் கண்டிப்பாகக் கேட்கும். மத்தேயு பதினொன்றில் இயேசு, ஏற்றுக்கொள்ள மனதிருந்தால் வரவேண்டிய எலியா இவன்தான் என்கிறார். நான்காம் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் எருசலேமிலிருந்து வந்தவர்கள் யோவானிடமே கேட்கிறார்கள், அவர் இல்லை என்று சொல்லிவிடுகிறார். ஒட்டுப்போட்டுத் தருகிற விளக்கங்கள் புத்தகங்களில் நிறைய இருக்கின்றன. லூக்காவின் முதல் அதிகாரத்தில் தூதன் எலியாவின் ஆவியையும் பலத்தையும் பற்றிப் பேசுவதை எடுத்துக்காட்டுவது அவற்றில் நல்ல விளக்கம். நான் அதையும் சொல்வேன். ஆனால் பிரசங்கத்தில் என் கவனம் வேறு. தான் யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்த மனிதர் பட்டம் எதையும் ஏற்கவில்லை. நீ பெரிய ஆள் என்று மற்றவர் சொல்லும்போது இல்லை என்றவர், நீ யாரென்று விடாமல் கேட்டபோது வெறும் குரல் என்கிறார். முன்னோடியைப் பெரியவன் என்று சொல்ல வேண்டியது அவருக்குப் பின் வருகிறவரின் வேலை. இது மேடையேறுகிற எனக்கு முதலில் உறைக்க வேண்டியது. எங்கள் பக்கத்தில் நோட்டீஸ்களில் தீர்க்கதரிசி, அப்போஸ்தலர் என்று தங்களுக்குத் தாங்களே அச்சடித்துக்கொள்கிறவர்களுக்குக் குறைவில்லை.

ஏசாயா நாற்பதாம் அதிகாரம் பாபிலோனிய அடிமைத்தனத்தின் முடிவைப் பற்றிப் பேசுகிறது. வனாந்தரத்தில் பாதை போடு, பள்ளத்தை நிரப்பு, மேட்டைத் தணி, கோணலை நேராக்கு. ராஜா வருகிறார் என்றால் பாதை செப்பனிடுவது அந்தக் காலத்து வழக்கம். எங்கள் ஊரில் இதைப் புரிய வைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். சிலாங்கூர் சுல்தானின் அரண்மனை கிள்ளானிலேயே இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் வருடக்கணக்காக லோரி டயரைக் கிழித்த குழிகள் ஒரே வாரத்தில் தாரால் மூடப்படும். இதைச் சொன்னதும் சபை சிரிக்கும். அந்தச் சிரிப்பை நான் நீட்டுவதில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டிய கதை வேறொன்று இருக்கிறது. அதைத் தோண்டியெடுத்த நாளிலிருந்து ஏசாயாவை அது இல்லாமல் என்னால் வாசிக்க முடியவில்லை.

இந்தத் துறைமுகம் 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. கட்டிய இடம் அலையாத்திக் காடும் சதுப்பும். ரயில் பாதை வந்தாயிற்று, கப்பல் அணையும் துறை வந்தாயிற்று, கப்பல்களும் வந்தன. சில வாரங்களில் வேலைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மலேரியாவில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள். கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்தக் கண்டுபிடிப்பை நம்பினார். காட்டை வெட்டுங்கள், கடல் நீர் புகாமல் கரை கட்டுங்கள், தேங்கும் தண்ணீருக்கு வடிகால் வெட்டுங்கள், பள்ளங்களை மண் போட்டு நிரப்புங்கள் என்றார். அரசாங்கம் பணம் கொடுத்தது, வேலை நடந்தது, காய்ச்சல் இறங்கியது, துறைமுகம் பிழைத்தது. வெப்ப நாடுகளில் மலேரியாவை இப்படி அடக்கிய முதல் வெற்றிகளில் ஒன்றாக இது மருத்துவ வரலாற்றில் பேசப்படுகிறது. வாட்சன் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார், பின்னாளில் சர் பட்டமும் பெற்றார். பெற வேண்டியவர்தான்.

ஆனால் மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் அன்று உடலுழைப்பு பெருமளவு தென்னிந்தியத் தொழிலாளர்களுடையது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியதால்தான் அடுத்து வந்தவர்கள் சாகாமல் இறங்க முடிந்தது. 2023-இல் இங்கே கையாண்ட சரக்கு, இருபதடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. நார்த் போர்ட்டிலும் வெஸ்ட் போர்ட்டிலும் வந்து நிற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே யாரோ நிரப்பிய பள்ளம் இருக்கிறது. ஏசாயாவின் வசனத்தில் பாதை போடச் சொல்லும் கட்டளை இருக்கிறதே தவிர, போட்டவர்கள் பெயர் எதுவும் இல்லை என்று நான் சபையில் சொல்வதுண்டு. தாத்தா காலத்தில் வடிகால் வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது என்று ஒரு வயதான அம்மா ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பகுதியைச் சுருக்க எனக்கு மனசு வருவதே இல்லை, போதகர் கடிகாரத்தைப் பார்த்தாலும் சரி.

சாக்கடல் ஓரம் கும்ரானில் வாழ்ந்த குழு இதே வசனத்தை எடுத்து வேறு விதமாக வாசித்தது. வனாந்தரத்துக்குப் போய் நியாயப்பிரமாணத்தை இரவும் பகலும் ஆராய்வதுதான் பாதையை ஆயத்தப்படுத்துவது என்று அவர்களுடைய ஒழுங்குச் சுருள் சொல்கிறது. 1947 வாக்கில் அந்தக் குகைகளில் கிடைத்த ஏசாயாச் சுருள் ஏழு மீட்டருக்கும் மேல் நீளம், அறுபத்தாறு அதிகாரமும் அதில் உண்டு. அவர்களும் வனாந்தரம், யோவானும் வனாந்தரம். அவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், இவர் ஆற்றங்கரையில் நின்று எல்லாரையும் கூப்பிட்டார்.

இனி, எல்லாரும் என்னிடம் உண்மையில் கேட்க விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். வருகை எப்போது?

துறைமுகத்தில் இந்தக் கேள்விக்கு விடை உண்டு. கப்பல் மலாக்கா நீரிணையில் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு வெளி நங்கூரத்துக்கு வரும், எந்தத் துறையில் அணையும் என்பதெல்லாம் முன்பே பட்டியலில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் கிரேன், லோரி, ஆள் எல்லாம் ஏற்பாடு செய்வோம். கப்பல் வராத நாளில் சும்மா உட்கார்ந்திருப்போம். எங்கள் சபைக்காரர்களுக்குக் கர்த்தரின் வருகையையும் அந்தப் பட்டியலில் பார்க்க ஆசை. நாள் தெரிந்தால் அதற்கு முதல் நாள் ஆயத்தமாகிவிடலாமே. அந்த நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று மத்தேயு இருபத்துநான்கு கறாராகச் சொல்லியும், ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் கணக்குப் போட்டுவிடுகிறார். 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் மில்லரின் ஆட்கள் காத்திருந்தார்கள். 2011 மே 21 என்று கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கி உலகம் முழுக்க விளம்பரம் செய்தார்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்தது அதிகம் பேருக்குத் தெரியாது. 1860-இல் திருநெல்வேலிச் சீமையில், அருளப்பன் என்ற தமிழ் உபதேசியாரின் கிறிஸ்தியான்பேட்டையில் ஓர் எழுப்புதல் தொடங்கியது. அதன் அலை 1870-களில் திருவிதாங்கூரைத் தொட்டது. அங்கே பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு என்ற கவிஞரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. வித்வான் குட்டி என்று அவரை அழைப்பார்கள். 1875-இல் அவர்களிடையே ஒரு தரிசனம் சொல்லப்பட்டது: இன்னும் ஆறு ஆண்டுகளில், 1881-இல், ஆண்டவர் வருவார். நம்பினார்கள். தனிச் சபையானார்கள். 1881 வந்தது, போனது. ஊரார் அவர்களுக்குக் கேலிப் பெயர் வைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது சிரிக்க வைக்கக் கூடாது என்பது என் கட்டுப்பாடு. அவர்களுடைய கணக்கு தப்பு, ஆசை தப்பில்லை. வித்வான் குட்டியின் மலையாளக் கீர்த்தனைகளை மார்த்தோமா சபையார் இன்றும் பாடுகிறார்கள். ஆண்டைக் குறித்த தரிசனம் உதிர்ந்துபோனது, காத்திருந்தபோது எழுதிய பாட்டு நின்றுவிட்டது. அவர்களைக் கேலி செய்கிற நாம் அவர்களில் பாதி அளவாவது வருகைக்கு ஏங்குகிறோமா என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மறுபக்கம், இன்றைய யூடியூப் தீர்க்கதரிசனங்களிடம் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. 2001-இல் மைகார்ட் என்ற அடையாள அட்டை வந்தபோது அதிலுள்ள சிப்தான் மிருகத்தின் முத்திரை என்றார்கள். அப்புறம் டச் அண்ட் கோ அட்டை. அப்புறம் கோவிட் தடுப்பூசி. இன்று அதே ஆட்கள் மைகார்டை நீட்டித்தான் பெட்ரோல் போடுகிறார்கள். "அங்கிள், இந்த வீடியோ பாத்தீங்களா? எல்லா அடையாளமும் நிறைவேறிடுச்சாம்" என்று வாலிபர் கூட்டத்துத் தம்பிகள் வருவார்கள். "பாத்தேன் தம்பி. அதுல யாருக்காவது ஏதாவது கொடுக்கச் சொல்றாங்களா?" என்று கேட்பேன். பயமுறுத்துவார்கள், சந்தா போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். யோவானை வைத்து அளந்தால் இவர்கள் தேறமாட்டார்கள். ஏனென்றால் யோவானிடம் சனங்கள் ஓடிவந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது அவர் நாள் குறித்துக் கொடுக்கவில்லை.

லூக்கா மூன்றாம் அதிகாரம், பத்து முதல் பதினான்கு வரையுள்ள வசனங்கள். சுழற்சியில் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் வரும், வரும் வருடத்துக்காக நான் காத்திருப்பேன். மூன்று வகை ஆட்கள் கேட்கிறார்கள், மூன்று பதில் கிடைக்கிறது. பொதுச் சனத்துக்கு: இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு, சாப்பாடும் அப்படியே. ஆயக்காரருக்கு: விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகருக்கு: மிரட்டிப் பறிக்காதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளத்தோடு திருப்தியாயிரு. கோடரி மரத்தின் வேரருகே வைக்கப்பட்டிருக்கிறது என்று முழங்கிய அதே வாயிலிருந்து வருகிற பதில்கள் இவை. யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை, வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை, ஒட்டக மயிர் உடுத்தச் சொல்லவில்லை. ஆயக்காரன் ஆயத்துறையிலேயே இருக்கலாம், ரசீதில் மட்டும் கை வைக்கக் கூடாது.

துறைமுக ஊரில் இந்த வாசகத்தைப் பிரசங்கிப்பதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? சுங்கப் பத்திரம் எழுதுகிறவர்கள், கிடங்குக் காவலர்கள், லோரி ஓட்டிகள், ஓவர்டைம் கணக்குப் பார்க்கும் சூப்பர்வைசர்கள், ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர். ஆயக்காரர் என்ற வார்த்தை வரும்போது பிரசங்கியின் கண் எந்தப் பெஞ்சிலும் நிற்கக் கூடாது. நான் நேராகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசிப்பேன். உதாரணம் வேண்டுமானால் என் தொழிலிலிருந்து எடுப்பேன்: பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளர்களை வேலைக்கு எடுத்தவன் அவர்கள் ஓவர்டைம் மணியைக் குறைத்து எழுதினால் அது எந்த வசனத்தில் வருகிறது என்று கேட்பேன். யார் பெயரும் சொல்ல வேண்டியதில்லை. நம் தாத்தாக்களின் கூலியைக் கங்காணி குறைத்தெழுதிய கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. இன்று பேனா சில இடங்களில் நம் கையில் இருக்கிறது.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 12, வருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. சுழற்சிப்படி அன்றைக்கு வாசகம் இதேதான், இரண்டு அங்கி. கோவிட் கட்டுப்பாட்டால் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்த சபை, வாய்மூடிக்குப் பின்னால் முகங்கள், எதுவும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத பிரசங்கம். அந்த வாரமே வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமையும் விடவில்லை. ஒரு மாதத்துக்குப் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டிவிட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். கிள்ளான் ஆற்றங்கரை முழுக்கத் தண்ணீர். எங்களுக்கு அருகே ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் முதல் மாடிவரை ஏறி, சனங்கள் கூரைமேல் இரவைக் கழித்தார்கள். நான்காம் ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. துணிமூட்டை கட்டினார்கள், அரிசி அளந்தார்கள், பெரிய அண்டாவில் சோறு வடித்தார்கள். கோவில், குருத்வாரா, பள்ளிவாசல் எல்லா இடத்திலும் அதே காட்சிதான். யார் யாருக்குப் பொட்டலம் கட்டுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

துணி பிரிக்கிற மேசையில் ஒரு தங்கச்சி இரண்டு ஜாக்கெட்டை எடுத்து வைத்து, "அங்கிள், போன வாரம் சொன்னீங்களே" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிரசங்கம் பலித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் ஆசை பொல்லாதது. இன்னொருவர் என்னை ஓரமாக அழைத்து, கடைசிகாலத்து வெள்ளம் இது, லூக்கா இருபத்தொன்று நிறைவேறுகிறது, அடுத்த ஞாயிறு இதைப் பற்றிப் பேசுங்கள் என்றார். மறுத்துவிட்டேன். வெள்ளம் ஏறிய தெருவில் சோபாவையும் பிள்ளைகளின் பள்ளிப் பையையும் சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தவரிடம் போய் உன் வீட்டுத் தண்ணீர் எங்கள் தீர்க்கதரிசனத்துக்கு அத்தாட்சி என்று சொல்ல எந்த முகம் வேண்டும்? வருகைக்கு ஆயத்தம் என்றால் எப்படியிருக்கும் என்பது அன்று காலை அந்த மேசையில் இருந்தது. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு வாசகம் உண்டு, மத்தேயு பதினொன்று. அதை எடுக்கிற வருடம் என் பிரசங்கம் மிகக் குட்டையாக இருக்கும். யோவான் சிறையில் இருக்கிறார். யோசேப்பஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் அது மக்கேருஸ் கோட்டை என்கிறார், சாக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய ஜோர்டானில். தன் சீடரை அனுப்பி இயேசுவிடம் கேட்கிறார்: வரவேண்டியவர் நீர்தானா, வேறொருவர் வரக் காத்திருக்க வேண்டுமா? ஆற்றங்கரையில் விரல் நீட்டிக் காட்டியவரே கேட்கிறார். சீடருக்காகக் கேட்டார், தனக்குச் சந்தேகமில்லை என்று பழைய உரைகள் சமாளிக்கும். நான் அந்த விளக்கத்தை ஏற்பதில்லை. இருட்டறையில் கிடக்கிற மனிதனுக்குக் கேள்வி எழும். பதிலாகக் கிடைத்ததும் சிறைக் கதவு திறப்பது அல்ல, குருடர் பார்க்கிறார்கள், தரித்திரருக்கு நற்செய்தி போகிறது என்ற தகவல் மட்டும். அதோடு அவர் தலை போய்விட்டது. எங்கள் சபையில் இந்த மண்ணிலேயே பிறந்து, இன்னும் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு, குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப் போட்டுக்கொண்டே முதுமையடைந்த பாட்டிகள் இருந்தார்கள். வருகையைக் காணாமலே முடிந்துபோகிற காத்திருப்பு என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. வாசித்து, நான்கு வரி சொல்லி, ஜெபத்துக்குப் போய்விடுவேன்.

துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவர்களில் யாஹ்யா என்ற பெயருள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். யோவானைத்தான் இஸ்லாம் நபி யாஹ்யா என்கிறது. டமாஸ்கஸில் உமையா பள்ளிவாசலுக்குள்ளேயே அவருக்கு ஒரு சமாதி இருக்கிறது. நபி ஈசா என்று அவர்கள் அழைக்கும் இயேசு திரும்ப வருவார் என்பதும் அவர்கள் நம்பிக்கை. சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிப் பேசியதுண்டு. வாதாட அல்ல, நோன்புப் பெருநாள் பலகாரத்துக்கு முறை வைப்பதுபோல ஒருவர் வீட்டுச் செய்தியை மற்றவர் கேட்டுக்கொள்வதற்காக.

யோவானைப் பேச நம் தமிழ் மரபிலேயே கைகொடுக்கும் ஒரு பாத்திரம் உண்டு. குறவஞ்சி நாடகத்தில் முதலில் மேடைக்கு வருகிறவன் கட்டியக்காரன். திருக்குற்றாலக் குறவஞ்சியில் குற்றாலநாதரின் பவனி வருகிறது என்று கூறிவிட்டு அவன் ஒதுங்கிவிடுவான், கதை அவனைப் பற்றியதல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அந்த வடிவத்தையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். கட்டியக்காரன் பவனி வருகிற வீதியை மறைத்துக்கொண்டு நின்றால் நாடகம் நடக்காது. மலாயாத் தோட்டங்களில் உபதேசியார்கள் செய்ததும் இதே வேலைதான். குருவானவர் மாதத்தில் ஒரு நாள் வருவார். அதற்குமுன் லயம் லயமாகப் போய், பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து, பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்து, கடன் சண்டையைத் தீர்த்து, கொட்டகையைக் கூட்டி வைத்துக் காத்திருப்பார் உபதேசியார். பூசை தொடங்கியதும் பின்வரிசைக்குப் போய்விடுவார்.

பின்வரிசைக்குப் போவதுதான் இந்தக் கைத்தொழிலில் கடினமான பகுதி. அப்போஸ்தலர் பத்தொன்பதாம் அதிகாரத்தில் பவுல் எபேசுவுக்கு வருகிறார். அங்கே சீடர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர். எந்த ஞானஸ்நானம் பெற்றீர்கள் என்று கேட்டால், யோவானுடையது என்கிறார்கள். பரிசுத்த ஆவி என்று ஒருவர் உண்டென்பதையே கேள்விப்படவில்லை. யோவான் இறந்து இருபது வருடத்துக்கு மேலாகியிருக்கும், யோர்தான் எங்கே, எபேசு எங்கே. முன்னோடியின் செய்தியைக் கேட்டு, மனம் திரும்பி, அங்கேயே நின்றுவிட்ட ஆட்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளரும் அப்படித்தான், யோவான்வரைக்கும்தான் தெரியும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரைத் தனியே அழைத்து மிச்சத்தைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. என் பிரசங்கத்தைக் கேட்டு நிறையப் பேர் அங்கியைக் கொடுத்துவிட்டு, கணக்கைத் திருத்திவிட்டு, அதோடு திருப்தியாகி நின்றுவிட்டால் என் வேலையும் எபேசுவோடு நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம்.

அதனால் இப்போதெல்லாம் மூன்றாம் ஞாயிறுக்கு எழுதும் குறிப்பின் கடைசிப் பக்கத்தை வெள்ளிக்கிழமையே போதகர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். நான் எங்கே நிறுத்துகிறேன் என்று அதில் இருக்கும், கிறிஸ்துமஸ் காலையில் அவர் அங்கிருந்து எடுத்துத் தொடரலாம். சில வருடம் தொடர்வார். சில வருடம் மறந்துவிட்டு நட்சத்திரத்தில் தொடங்குவார். அப்போது நான் பாடற்குழுவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் எப்போது தொழுவத்துக்கு வந்து சேர்வார் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.